காட்டுப்பாதை நிலவரம்

ஏரம்புவின் தேத்தண்ணிக் கடைச் சுவரில் பாதை நிலவரம் எழுதி ஒட்டுகிற வேலையைத் தில்லைநாதனுக்கு யாரும் கொடுக்கவில்லை. அவராகவே எடுத்துக்கொண்டார். யாழ்ப்பாணத்தில் ஒரு புறக்டர் வக்கீலின் கந்தோரில் பன்னிரண்டு வருடம் எழுதுவினைஞராக இருந்தவர். முத்தான எழுத்து, வெள்ளைச் சட்டை, எந்த விஷயத்திலும் தமக்கென்று ஓர் அபிப்பிராயம். வன்னியிலுள்ள வட்டக்கச்சிக்குக் குடியேறி வயல் செய்யத் தொடங்கிய பிறகு இந்த மூன்றும் ஒன்றுக்கும் உதவவில்லை. வீணாய்ப் போகிற திறமையைச் சுவரிலாவது ஒட்டுவோம் என்று நினைத்தார்.

ஐம்பத்தைந்தாம் ஆண்டு ஐப்பசியில் அவர் ஒட்டிய நிலவரம் இது: "காட்டுப்பாதை உலர்ந்துள்ளது. ஆற்றில் முழங்காலுக்குக் கீழே நீர். சைக்கிளுக்கு உகந்தது. இங்ஙனம், த. தில்லைநாதன்."

அந்தப் பாதையில் அவர் ஆயுளில் இரண்டே இரண்டு தடவைதான் போயிருக்கிறார். இரண்டும் ஆடி மாதத்தில், புழுதி பறக்கிற காலத்தில். மற்ற நாட்களில் கடைக்கு வருகிற வண்டில்காரர்களை விசாரித்து எழுதுவார். "பாதை எப்பிடி?" என்று கேட்டால் வண்டில்காரன் "பறவாயில்லை" என்பான். அவன் தன் மாடுகளின் காலை நினைத்துச் சொல்வான். இவர் அதைச் சைக்கிளுக்கு மாற்றி எழுதிவிடுவார். முதல் மழை பெய்து நாலு நாளாகியும் அந்தக் கடதாசியை அவர் கிழிக்கவில்லை. நிலவரம் மாறலாம், ஆனால் எழுத்து அவ்வளவு அழகாக வந்திருந்தது.

இதையெல்லாம் பிற்காலத்தில் ஊருக்குச் சொன்னவரும் அவரேதான். யாராவது அவர் மானத்தைக் காப்பாற்றுகிற எண்ணத்தில் ஓரிடத்தைத் தாண்டிச் சொன்னால், "பொறுங்கோ, அதுக்கு முதல் இன்னொரு மடைத்தனம் இருக்கு" என்று பிடித்து நிறுத்துவார். ஆகவே நாமும் எதையும் தாண்டாமல் சொல்லலாம்.

அந்த மாரியில் அவருடைய காணிக்கே ஆபத்து வந்திருந்தது. அரசாங்கக் குடியேற்றத்தில் கிடைத்த மூன்று ஏக்கர் வயல் அது. முதல் வருடம் பிந்தி விதைத்தார், பயிர் கருகியது. இரண்டாம் வருடம் நேரத்துக்கு விதைத்தார், வேலி அடைக்காமல் விட்டுப் பன்றிகளுக்கு விருந்து வைத்தார். இந்த வருடம் புரட்டாதியில் அவருடைய உழவுமாடு ஒன்று செத்துப் போனது. சுற்றியிருந்த வயலெல்லாம் பெரும்பாலும் விதைத்தாகிவிட்டது, அவருடைய மூன்று ஏக்கரும் புல்லாகக் கிடந்தது. காணிக் கந்தோர் உத்தியோகத்தர் வந்து பார்த்துவிட்டு, "வாற திங்கட்கிழமை திரும்ப வருவன். விதைச்சிருந்தால் சரி. இல்லையெண்டால் காத்துக்கொண்டு நிக்கிற ஆளுக்குக் குடுக்கத்தான் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். காத்துக்கொண்டு நின்றவர்களில் முதலாவது ஆள், பக்கத்து வயல்காரர் கனகலிங்கத்தின் தம்பி. அன்றிலிருந்து கனகலிங்கம் வரம்பில் நின்று தும்மினாலும் தில்லைநாதனுக்கு அதில் ஒரு சூழ்ச்சி தெரிந்தது.

ஒரே ஒரு வழி இருந்தது. நாலு கட்டை, அதாவது நாலு மைல், தூரத்தில், ஆற்றுக்கு அப்பால், காட்டுக்குள்ளே மீராசாகிபு என்பவர் வாடிக் குடிசை அடித்து எருமைப் பட்டி வைத்திருந்தார். ஆறு எருமைகளை வயலில் விட்டு உழக்கினால் இரண்டு நாளில் மூன்று ஏக்கரும் சேறாகிவிடும். "வெள்ளிக்கிழமைக்குள்ளை வந்தால் கொண்டு போகலாம். பிந்தினால் தண்ணிமுறிப்பு ஊர்ப்பக்கம் குடுத்திடுவன்" என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

புதன்கிழமை காலை தில்லைநாதன் சைக்கிளைத் துடைத்தார். அவருடைய மனைவி விமலேஸ்வரியின் தம்பி பாலன் இவர்களோடுதான் இருந்தான். எருமைகளைச் சாய்த்து ஓட்டத் தெரிந்தவன் வீட்டில் அவன் ஒருவன்தான். வானத்தைப் பார்த்துவிட்டு, "வாய்க்காலைக் கட்டிப்போட்டு மத்தியானம் வாறன், நடந்து சேர்ந்து போவம் அத்தான்" என்றான்.

"சைக்கிளுக்கு உகந்தது எண்டு எழுதிப்போட்டு நடந்து போறதோ? நான் முன்னுக்குப் போய் எருமையளைப் பேசி வைக்கிறன். நீ கயிறுகளைக் கொண்டு பின்னாலை வா."

"குடையையாவது கொண்டு போங்கோ" என்று விமலேஸ்வரி குடையைக் கொண்டுவந்து சைக்கிளில் கட்டிவிட்டாள்.

காடு தொடங்குகிற இடத்தில் ஒரு பாலைமரம், அதன் அடியில் ஒரு கல். அந்தக் கல்தான் பிள்ளையார். காட்டுக்குள் போகிறவர்கள் சின்னதாக ஓர் இலைக்குழையை முறித்து மரக்கொப்பில் தொங்கவிட்டுக் கும்பிட்டுப் போவது வழக்கம். தில்லைநாதன் மரத்தில் கை வைக்கப் போனால் கொப்பெல்லாம் முசுறு எறும்பு. சட்டையோ வெள்ளைச் சட்டை. அதோடு, காணியே போகிற நிலையில் இருக்கிற மனிதன் ஒரு கொத்துக் குழையோடு பிள்ளையாரிடம் போவது அவருக்கு மரியாதையாகப் படவில்லை. பெரிய விண்ணப்பத்துக்குப் பெரிய குழை வேண்டும். கத்தியை எடுத்துப் பக்கத்து மரத்தில் இரண்டு முழுக் கொப்புகளை வெட்டி, கல்லுக்கு முன்னால் ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கே வைத்து, "பிள்ளையாரப்பா, காணியை மட்டும் விட்டுத் தா" என்று மூன்று தரம் குட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினார். கல்லுக்கு முன்னால் என்பது பாதையின் நட்டநடு.

வன்னியில் குழைக்கு இரண்டு வேலை உண்டு. மரத்தில் தொங்கினால் அது பிள்ளையாருக்கு. பாதைக்குக் குறுக்கே கிடந்தால் அது பின்னால் வருகிற மனிதருக்கு. ஆறு பெருகிவிட்டது, இதற்கு மேலே போகாதே, திரும்பு என்று அர்த்தம். மாரி தொடங்கியதும் ஆற்றைப் பார்த்துவிட்டு முதலில் திரும்புகிறவன் வெட்டிப் போட்டுவிட்டு வருவான். நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரிந்த இந்த விஷயத்தைத் தில்லைநாதனுக்கு யாரும் சொல்லவில்லை. பாதை நிலவரம் எழுதுகிறவரிடம் போய் அதை யார் சொல்வது?

முதல் அரைக்கட்டை மணல். சைக்கிள் நன்றாகப் போனது. தமது எழுத்தை நினைத்து அவர் பெருமைப்பட்டார். அதற்குப் பிறகு களி வந்தது. சில்லு பத்து முழம் உருண்டால் மேலே மூடிய மட்காட் தகட்டுக்குள் களி இறுகி நின்றுவிடும். முதலில் தடியால் தோண்டினார், தடி முறிந்ததும் விரலால் தோண்டினார், விரலும் சரிவராமல் போக, சைக்கிளைத் தூக்கித் தோளில் வைத்தார். அரைக்கட்டை தூரம் சைக்கிள் அவரைச் சுமந்தது. மிச்சம் மூன்றரைக் கட்டையும் அவர் சைக்கிளைச் சுமந்தார். ஒரு மரத்தடியில் அதைப் போட்டுவிட்டு வெறுங்கையோடு நடந்திருக்கலாம். அந்த யோசனை அவருக்கு வராமலும் இல்லை. ஆனால் சைக்கிளுக்கு உகந்த பாதை என்று கையெழுத்துப் போட்டவர் சைக்கிள் இல்லாமல் போய்ச் சேர்ந்தால் நாளைக்கு யார் நம்புவார்கள்?

ஆற்றில் தண்ணீர் இடுப்புக்கு நின்றது. சைக்கிளைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு இறங்கினார். நடுவில் கால் வழுக்கியது. ஒரு செருப்பும் குடையும் ஆற்றோடு போயின.

பின்னேரம் அவர் வாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது மீராசாகிபு பால்வாளியோடு நின்றார். சிரிக்காமல் பேசுகிறவர். தில்லைநாதனை விட நாலைந்து வயது இளையவர், என்றாலும் முஸ்லிம்களை மரியாதையாக அழைக்கிற வழக்கப்படி இவருக்கு அவர் "நானா".

"சைக்கிளுக்கு என்ன வருத்தம் அண்ணே? தூக்கிக்கொண்டு வாறீங்க."

சாக்குத் தட்டிக்கு அப்பால் அடுப்படியில் அவருடைய மனைவி நாச்சியா சிரிப்பது கேட்டது. மாற்றிக்கொள்ள ஒரு சாரமும், குடிக்கப் பால் தேத்தண்ணியும் வந்தன. வாடி நல்ல வாடி. புல்லுக் கூரை ஒழுகவில்லை, காட்டுத்தடியில் பரண் போட்டு மேலே பாய் விரித்திருந்தது. எருமைகள் தருவதாக மீராசாகிபு ஒரே சொல்லில் ஒப்புக்கொண்டார். பாலன் வந்தவுடன் சாய்த்துக்கொண்டு போகவேண்டியதுதான் மிச்சம்.

பாலன் வரவில்லை. இருட்டுகிற வரைக்கும் பார்த்தும் வரவில்லை. இரவு மழை கொட்டியது, காலையில் போய்ப் பார்த்தால் ஆறு இரண்டு ஆள் மட்டத்துக்கு ஓடியது.

"ஆறு வந்திட்டுது. அவர் என்னெண்டு வாறது?" என்றார் மீராசாகிபு.

"ஆறு வந்தது ராத்திரி, நானா. அவன் நேற்றுப் பின்னேரம் வந்திருக்க வேணும். நான் வந்தனான்தானே?"

புறக்டர் கந்தோர் மூளை விழித்துக்கொண்டது. வியாழக்கிழமை முழுவதும் வேறு வேலை இல்லை. பரணில் இருந்தபடி அவர் வழக்கை அடுக்கினார். பாலன் ஏன் வரவில்லை? வர மனமில்லை. ஏன் மனமில்லை? அவன் அடிக்கடி கனகலிங்கம் வீட்டில் தேத்தண்ணி குடிக்கிறான். ஏன் குடிக்கிறான்? கனகலிங்கத்துக்குப் பத்மாசனி என்று ஒரு தங்கச்சி இருக்கிறாள். காணி இங்கே போனால் கனகலிங்கத்தின் தம்பிக்கு, தங்கச்சி அங்கே போனால் பாலனுக்கு. எல்லாம் பொருந்திவிட்டது! பொருந்தப் பொருந்த அவருக்குக் கோபமும் வந்தது, கொஞ்சம் சந்தோஷமும் வந்தது. தேயிலை சுற்றிய கடதாசியைக் கேட்டு வாங்கி, பேனையை எடுத்து, காணிக் கந்தோருக்கு ஒரு மனு எழுதினார். "மேற்படி கனகலிங்கம் என்பவர் எனது மைத்துனரைத் தம்வயப்படுத்தி" என்று தொடங்கும் அந்த மனுவை அவர் சத்தமாக வாசித்துக் காட்டினார்.

தட்டிக்கு அப்பாலிருந்து நாச்சியா கேட்டாள்: "அந்தப் பொடியன் பாம்பு கடிச்சோ, கால் முறிஞ்சோ எங்கையாவது கிடந்தால்? அதை யோசிக்கயில்லையா?"

அதை அவர் யோசிக்கவே இல்லை. வெட்கம் சுள்ளென்று வந்தது. ஆனால் மனு நன்றாக அமைந்துவிட்டதால் அதைக் கிழிக்க மனம் வராமல் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை மழை விட்டு ஆறு நெஞ்சு மட்டத்துக்கு இறங்கியது. "இனிப் பார்த்துக்கொண்டிருந்தால் உங்கட காணி போயிரும். வாங்க, நானே சாய்ச்சு விடுறன்" என்றார் மீராசாகிபு. மூத்த எருமையின் முதுகில் சைக்கிளைக் கட்டினார்கள். ஆறு எருமைகளும் முன்னே போக, ஒற்றைச் செருப்போடு தில்லைநாதன் பின்னே நடந்தார்.

ஆற்றங்கரைக்கு வந்தபோது மறுகரையில் இருபது பேருக்கு மேல் நின்றார்கள். தண்ணீருக்குள் நெஞ்சளவில் கனகலிங்கம். இடுப்பில் கயிறு, அந்தக் கயிற்றைக் கரையில் நாலைந்து பேர் பிடித்திருந்தார்கள். அவர் ஒரு நீளத் தடியால் மருதமர வேர்களுக்கு அடியில் துழாவிக்கொண்டே இந்தக் கரைப்பக்கமாக வந்துகொண்டிருந்தார்.

தில்லைநாதனுக்குச் சந்தேகமே இல்லை. எருமைகளைப் பிடிக்கத்தான் வருகிறான்! ஆள்பலத்தோடு வருகிறான்! கரையில் ஏறி நின்று உச்சக் குரலில் கத்தினார்.

"கனகலிங்கம்! இந்த எருமையள் எனக்கு! முதல் வந்தவன் நான்! மீராசாகிபு நானா சாட்சி!"

மறுகரையில் ஓர் அழுகுரல் இருந்தது. அது சட்டென்று நின்ற பிறகுதான் இவ்வளவு நேரமும் யாரோ அழுதுகொண்டிருந்தது அவருக்குத் தெரிந்தது. கனகலிங்கத்தின் கையிலிருந்த தடி ஆற்றோடு போனது. அவர் அப்படியே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"அட, பிரேதம் கதைக்குது" என்றார்.

மறுகரைக்குப் போய்ச் சேர்ந்ததும் விமலேஸ்வரி ஓடிவந்து அவருடைய கையைப் பிடித்தாள். இரண்டு நாள் சாப்பிடாத முகம். கையில் அவருடைய குடை. ஆற்றோரத்து வேரில் சிக்கியிருந்து எடுத்ததாம். "காணி போகட்டும், இந்த மனிசனை மட்டும் தா எண்டு கேட்டனான்" என்று சொல்லி, ஆட்கள் நிற்கிறார்கள் என்றும் பாராமல் அழுதாள். பிள்ளையாரிடம் காணியை மட்டும் கேட்டவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பாலன் தள்ளி நின்றான். அவன் கண்ணும் சிவந்திருந்தது.

"நான் மத்தியானமே வந்தனான் அத்தான். பிள்ளையாரடியிலை பாதைக்குக் குறுக்காலை குழை போட்டுக் கிடந்தது. சின்னக் குழையுமில்லை, ரெண்டு முழுக் கொப்பு. அவ்வளவு பெரிசாய்ப் போட்டிருந்தால் ஆறு பெரிசாய் வந்திட்டுதெண்டுதானே நினைப்பம்? நீங்களும் கண்டிட்டுத் திரும்பியிருப்பியள் எண்டு வீட்டை ஓடினன். நீங்கள் இல்லை. திரும்ப ஆத்தடிக்கு வரேக்கை ராத்திரியாய்ப் போச்சு, ஆறும் பெருகிட்டுது, குடை வேரிலை கிடக்குது. நான் திரும்பியிருக்கக் கூடாது அத்தான். நான் வந்திருக்க வேணும்."

மூன்று நாளாக, விதைப்புக் காலத்தில், வட்டக்கச்சியில் அயல் வயல்காரர் அத்தனை பேரும் தங்கள் வேலையைப் போட்டுவிட்டு இந்த ஆற்றில் அவருடைய உடம்பைத் தேடியிருக்கிறார்கள்.

தில்லைநாதனுக்கு விஷயம் மெல்ல மெல்ல விளங்கியது. பேசாமல் இருந்தால் போதும். குழை போட்டவர் யார் என்று ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாதே என்பதுதான் பன்னிரண்டு வருடத்தில் புறக்டர் அவருக்குப் படிப்பித்த ஒரே பாடம். மறித்த பாதையையும் ஆற்றையும் தாண்டி எருமை கொண்டுவந்த வீரன் என்று ஊர் சொல்லவும் கூடும். ஆனால் பாலன் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றான். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க இவரால் முடியவில்லை.

"அந்தக் குழை நான் போட்டது" என்றார்.

"என்னத்துக்கு, காணும்?" என்று கேட்டார் தேத்தண்ணிக் கடை ஏரம்பு.

"பிள்ளையாருக்கு."

"பாதையிலையோ?"

"கல்லுக்கு முன்னாலை வைச்சனான்."

"கல்லுக்கு முன்னாலை பாதையெல்லோ கிடக்குது!"

தொடங்கியது தொடங்கிவிட்டது, முழுவதையும் முடித்துவிடுவோம் என்று தில்லைநாதன் சட்டைப் பைக்குள்ளிருந்த மனுவையும் எடுத்துக் கனகலிங்கத்திடம் நீட்டினார். ஈரம் சொட்டச் சொட்ட நின்றபடி கனகலிங்கம் அதை வாசித்தார். பத்மாசனி வருகிற இடத்தில் புருவம் உயர்ந்தது. பாலனை ஒருதரம் பார்த்தார். பாலன் ஆற்றைப் பார்த்தான். பிறகு கடதாசியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "எழுத்து நல்ல வடிவு" என்று மட்டும் சொன்னார்.

முதலில் சிரித்தது மீராசாகிபு. மூன்று நாளாகச் சிரிக்காத மனிதர் எருமையின் முதுகில் கிடந்த சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகு ஒருவரையும் அடக்க முடியவில்லை. தில்லைநாதனை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் எல்லோரும் எருமைகளோடு நடந்தார்கள். தண்ணிமுறிப்பார் நாலு நாள் பொறுக்கட்டும் என்று மீராசாகிபுவும் கூடவே வந்தார். சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் எருமைகள் மூன்று ஏக்கரையும் உழக்கின. பாலனும் ஏரம்புவும் இன்னும் ஏழெட்டுப் பேரும் வயலுக்குள் நின்றார்கள். ஞாயிறு பின்னேரம் விமலேஸ்வரி முளைநெல்லைக் கடகப்பெட்டியில் அள்ளிக் கொடுக்கக் கொடுக்க விதைத்து முடித்தார்கள்.

திங்கட்கிழமை உத்தியோகத்தர் வந்தார். வரம்பில் நடந்து பார்த்தார். "விதைச்சாச்சு. நல்லது" என்று புத்தகத்தில் எழுதினார். போகிற வழியில் பக்கத்து வயலில் நின்று, "என்ன கனகலிங்கம், உங்கடை கீழ்த்துண்டு இன்னும் புல்லாய்க் கிடக்குது? நீங்கள் பிந்துற ஆளில்லையே. இந்தக் கிழமைக்குள்ளை பாருங்கோ, சொல்லிப்போட்டன்" என்றார்.

"ஓம் ஐயா. ஆத்தடியிலை கொஞ்சம் வேலை இருந்தது" என்றார் கனகலிங்கம்.

தில்லைநாதன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். உத்தியோகத்தரின் சைக்கிள் மறைந்த பிறகு வரம்பைத் தாண்டிப் போனார்.

"ஒண்டு கேக்கிறன், உண்மையைச் சொல்லும். என்ரை காணி போனால் உம்மடை தம்பிக்குத்தானே வந்திருக்கும்? என்னத்துக்கு அந்த ஆத்துக்குள்ளை இறங்கினீர்?"

கனகலிங்கம் குனிந்து ஒரு பிடி புல்லைப் பிடுங்கி எறிந்தார்.

"ஒவ்வொரு வேர் தட்டுப்படேக்கையும் உம்மடை உடம்புதான் எண்டு நெஞ்சு பதறினது எனக்கெல்லோ தெரியும். தம்பி வந்தால் வயல் நல்லாய்ச் செய்வான், அதிலை சந்தேகமில்லை. பிறகு பின்னேரத்திலை வரம்பிலை குந்தியிருந்து நான் ஆரைப் பார்த்துச் சிரிக்கிறது?"

தில்லைநாதன் வேட்டியை மடித்துக் கட்டினார். எருமைகளைத் திருப்பிக் கொண்டுபோக ஆயத்தமாகிக்கொண்டிருந்த மீராசாகிபுவிடம் போய், "நானா, இன்னும் அரைநாள் தாங்கோ" என்று கேட்டு வாங்கி, ஆறு எருமைகளையும் கனகலிங்கத்தின் கீழ்த்துண்டுக்குள் தாமே சாய்த்தார். பாலன் உதவிக்கு வந்தபோது வேண்டாம் என்று கையைக் காட்டினார். எருமைகள் ஒரு பக்கம் போயின, அவர் மறுபக்கம் போனார். கயிறு காலில் சுற்றி, வெள்ளைச் சட்டையோடு முகம் குப்புறச் சேற்றில் விழுந்தார். எழும்பிப் பார்த்தபோது கனகலிங்கம் வரம்பில் குந்தியிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பொழுதுபடுவதற்குள் தில்லைநாதன் இன்னும் இரண்டு தரம் விழுந்தார். அதில் கடைசித் தரம் வேண்டுமென்றே விழுந்தது.